கார்குழலி

நேத்து ராத்திரி ஒரு புத்தகத் தலைப்பு கண்ணுல பட்டுச்சு. ‘கார்குழலி’ன்னு ஆரம்பிக்குது.
தமிழ்ப் புத்தகம்னே நினைச்சுட்டேன்.

இல்ல. கொச்சி யூதப் பெண்களோட மலையாளப் பாட்டுகள், எபிரேய மொழிபெயர்ப்போட. 2005-ல ஜெருசலேம்ல வந்தது. தொகுத்தவங்க ஸ்கரியா ஸக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும்.

கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் பாடுறதை நோட்டுல கையால எழுதி வச்சிருந்திருக்காங்க.
1950-கள்ல அவங்க சமூகத்துல பெரும்பாலானவங்க இஸ்ரேலுக்குக் கிளம்பினப்போ நோட்டும் கூடவே போயிருக்கு.

ஆய்வாளர்கள் அந்த நோட்டுகளைத் தேடிப் போனாங்க.
என்னைக் கலங்க வச்சது அதுக்கப்புறம் நடந்தது. 2004-ல எபிரேயப் பல்கலைக்கழகம் கொண்டுவந்த குறுந்தகட்டுல பாடுறது அந்தச் சமூகத்துப் பெண்களேதான்!

பேத்திங்க கேட்டிருப்பாங்கல்ல?
அந்த மலையாளம் அவங்களுக்குப் புரிஞ்சிருக்குமா?