படிக்கு ஒரு பாட்டு

திருத்தணிப் பக்கத்து எங்கள் திருப்புகழ் வாட்ஸ்அப் குழுவில் எழுத்து குறைவு, குரல் அதிகம். யாராவது ஒருவர் ஒரு பாட்டில் இரண்டடியைப் பாடி அனுப்புவார். தொடையில் தட்டும் தாளம் கூடவே கேட்கும். சில நேரம் பின்னால் விசைத்தறி ஓடுகிற சத்தமும். “இந்த இடத்துல மூச்சு எங்கங்க விடறது?” என்று கேள்வி வரும். சற்று நேரத்தில் கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒருவர், அம்மையார்குப்பத்திலிருந்து ஒருவர், நகரிப் பக்கமிருந்து ஒருவர் என்று ஆளுக்கொரு விதமாகப் பாடிக் காட்டிவிடுவார்கள். வாத்தியார் என்று யாரும் இல்லை. பாடத்திட்டம் இல்லை, கட்டணம் இல்லை. ஆனாலும் பாட்டு வந்துகொண்டேதான் இருக்கிறது.

அந்த மூச்சுக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. அச்சுப் புத்தகத்தால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. பாட்டின் தலையில் ‘தனதன தானன’ என்று சந்தம் போட்டிருக்கும், அவ்வளவுதான். முருகன் மேல் திருப்புகழ் பாடிய அருணகிரிநாதரின் பதினைந்தாம் நூற்றாண்டு மெட்டு நமக்கு வந்து சேரவில்லை. எழுத்துக்குள்ளேயே கட்டப்பட்டிருந்ததால் சந்தம் மட்டும் பிழைத்தது.

அந்த எழுத்துமே, ஒருவர் தேடியிராவிட்டால், கையை விட்டுப் போயிருக்கும். மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வ.த.சுப்பிரமணிய பிள்ளை வேலை பார்த்தபோது, சிதம்பரம் தீட்சிதர்களின் வழக்கு ஒன்று வந்தது. தங்கள் பழைமைக்குச் சான்றாக அவர்கள் ஒரு திருப்புகழ்ப் பாட்டைக் காட்டினார்களாம். தில்லை மூவாயிரவர் எனப்படும் தீட்சிதர்களைப் போற்றும் பாட்டு அது. வழக்கு என்னவானதோ, பாட்டு பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. இப்படி ஒரு பாட்டா, மற்றவையெல்லாம் எங்கே என்று தேடப் புறப்பட்டார். பின்னாளில் மாவட்ட முன்சீப் ஆனார்; தேடல் நிற்கவில்லை. ஊர் ஊராக ஏடு விசாரித்து, வாங்கி, படியெடுத்து, ஒப்பிட்டு 1890களில் முதல் பாகத்தை அச்சுக்குக் கொண்டுவந்தார். பதினாறாயிரம் பாடினார் அருணகிரி என்பது வழிவழியாக வரும் பேச்சு. இன்று நம் கையில் இருப்பது 1,300 சொச்சம். அதிலும் பெரும்பகுதி இந்த மனிதரின் உழைப்பால் கிடைத்தது. ஏடு தேடு என்று எந்த அரசும் அவரைக் கேட்கவில்லை, எந்த மடமும் அனுப்பவில்லை. அவர் மகன் வ.சு.செங்கல்வராய பிள்ளையைத் ‘தணிகைமணி’ என்று கொண்டாடுகிறோம். எல்லாப் பாட்டுக்கும் உரை எழுதி, 1950களில் ‘முருகவேள் பன்னிரு திருமுறை’ என்று தொகுதி தொகுதியாகத் தந்தவர். அப்பா ஏட்டிலிருந்து எடுத்ததற்கு மகன் பொருள் சொன்னார். இந்த இருவரைப் பற்றி எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமாவது இருக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

அச்சுக்கு வந்த பாட்டு யார் கைக்குப் போனது என்று பாருங்கள். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்த அர்த்தநாரி என்பவர், வயிற்று நோயோடு பழனிக்கு வந்தார். அங்கே திருப்புகழ் காதில் விழுந்தது. தமிழ் வாசிக்கத் தெரியாது. வயதோ முப்பதைத் தாண்டியிருந்தது. திருப்புகழ் படிப்பதற்காகவே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். அவர்தான் பிறகு வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஆங்கிலப் புத்தாண்டன்று எலுமிச்சம்பழத்தோடு வெள்ளைக்காரத் துரைகளைப் பார்க்கப் போன ஜனங்களைத் தணிகைத் துரையான முருகனிடம் திருப்பிவிட்டவர். டிசம்பர் 31 இரவு, திருத்தணி மலையின் 365 படியிலும் படிக்கு ஒரு பாட்டு என்று அவர் தொடங்கிவைத்த திருப்படித் திருவிழா, நூறு வருஷம் தாண்டி இன்றும் நடக்கிறது. எத்தனை ஊர்களிலிருந்து எத்தனை பஜனைக் கோஷ்டிகள்! பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவர் அடியெடுத்தால் நாம் தொடர்கிறோம்.

அர்த்தநாரியைப் போல் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் எங்கள் குழுவிலும் உண்டு. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு படித்தவர்கள். பாட்டைத் தெலுங்கு எழுத்தில் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்து வழக்கில் ழகரம் இல்லை. குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு நாக்கைத் திருப்பிக்கொள்கிறார்கள். அச்சால் ஆகாத காரியத்தை, தறிக்குப் பக்கத்தில் கிடக்கும் செல்போன் செய்கிறது.

ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது: பாட்டு எங்கிருந்து வந்தது என்பது தொலைந்துபோகிறது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு.கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி எல்லோருக்கும் இலவசமாகத் தரும் வேலை. பல நாட்டுத் தமிழர்கள் வேலை முடிந்து வந்து தட்டச்சு செய்தார்கள். திருப்புகழும் அதில் உண்டு. நூலைத் திறந்தால் முகப்பிலேயே தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று இருக்கும். பிழை கண்டால் கேட்க ஆள் உண்டு. வாட்ஸ்அப்பில் கைமாறி வரும் பாட்டில் அந்தப் பெயர்களெல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. ஒரு சீர் விடுபட்டிருந்தாலும் அப்படியே நூறு பேருக்குப் போய்விடும். திருப்புகழில் ஒரு சீர் போனால் சந்தமே நொண்டும். பாடுகிறவருக்கு எங்கோ இடிக்கிறது என்று தெரியும். எங்கே என்று தெரியாது.

அதனால் குழுவில் ஒரு பழக்கத்தைக் கொண்டுவரப் பார்க்கிறோம். பாட்டை அனுப்பினால் எந்தப் பதிப்பிலிருந்து என்று ஒரு வரி. குரல் என்றால் யாரிடம் கேட்டது என்று ஒரு வரி. தணிகைமணி பதிப்பை வைத்திருக்கிற பெரியவர் ஒருவர், யார் சந்தேகம் கேட்டாலும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போடுகிறார். போன வாரம், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பாடி அனுப்பிவிட்டு, “எங்க ஆயா பாடினது, புஸ்தகத்துல வேற மாதிரி இருக்கு, எது சரி?” என்று எழுதியிருந்தாள். இன்னும் விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.