வரி நோட்டில் நன்கொடைப் பக்கம்

காசு வாங்கித் தரச் சொல்லித்தான் கட்சிக்காரர்கள் வருவார்கள். 'எங்க காசையும் வாங்கிக்கிடச் சொல்லுங்கய்யா' என்று வந்தது அந்த ஒரு வழக்குதான்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஓர் ஊர். அம்மன் கோயில் கொடைக்குச் சில குடும்பங்களிடம் தலைக்கட்டு வரி வாங்க மறுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் வரி இல்லை என்றால் ஊரில் சேர்த்தி இல்லை என்று அர்த்தம். காரணம், மும்பையில் தொழில் செய்யும் ஓர் ஊர்க்காரர். பந்தல், வில்லுப்பாட்டு, வாணவேடிக்கை எல்லாம் பெரும்பாலும் அவர் பணம். "அவுகளுக்கு வரி போட்டா என் பைசா வராது" என்று சொல்லியனுப்பிவிட்டார். கமிட்டி பயந்துவிட்டது.

அம்பாசமுத்திரம் முன்சீப் கோர்ட்டில் விசாரணை நடந்துகொண்டிருந்த சமயம், 2011 அக்டோபர் 31 அன்று, யுனெஸ்கோ பாலஸ்தீனத்தை உறுப்பு நாடாகச் சேர்த்துக்கொண்டது. ஆதரவு 107, எதிர்ப்பு 14, நடுநிலை 52. இந்தியா ஆதரித்தது. அன்றே அமெரிக்கா பணத்தை நிறுத்தியது. பாலஸ்தீனத்துக்கு முழு உறுப்பினர் தகுதி தரும் ஐ.நா. அமைப்புக்குப் பணம் தரக்கூடாது என்று 1990-லும் 1994-லும் அங்கே சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். யுனெஸ்கோ பட்ஜெட்டில் 22 சதவீதம் அமெரிக்காவின் பங்கு. 1989-ல் இதே மிரட்டலுக்கு உலக சுகாதார நிறுவனம் பணிந்து, பாலஸ்தீனத்தின் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டது. யுனெஸ்கோ பணியவில்லை.

பேப்பரில் இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் கமிட்டிப் பொருளாளரைக் குறுக்கு விசாரணை செய்ய ஒரு வழி பிடிபட்டது. சான்றாவணமாகத் தாக்கலான வரி நோட்டு, மஞ்சள் கறை படிந்த நீளக் கணக்கு நோட்டு. அதை அவர் கையில் கொடுத்தேன்.

"மும்பைக்காரர் பேர் எங்கே இருக்கு?"

"வரியில ஒண்ணு, நன்கொடையில ஒண்ணு."

"வரி எவ்வளவு?"

"எல்லாருக்கும் உள்ளதுதான்."

"நன்கொடை கொடுத்தவருக்கு அடுத்தவர் வரியை நிறுத்த உரிமை உண்டுன்னு இந்த நோட்டுல எங்கேயாவது எழுதியிருக்கா?"

பக்கத்தைப் புரட்டினார். "இல்லய்யா."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எதிர்தரப்பு வக்கீல் அண்ணாச்சி வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தார்.

அமெரிக்காவின் கதை இன்னும் மோசம் என்பது என் கட்சி. அந்த 22 சதவீதம் நன்கொடையே இல்லை. உறுப்பு நாடு என்ற முறையில் கட்ட வேண்டிய வரி. கட்டாததால் 2013 நவம்பரில் யுனெஸ்கோ விதிப்படி அதன் ஓட்டுரிமை போனது. பணம் இல்லாமல் யுனெஸ்கோ ஆட்குறைப்பு செய்ததும், திட்டங்களை நிறுத்தியதும் உண்மை. அந்த நெருக்கடியிலும் 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் எங்கள் களக்காடு முண்டந்துறையும் உண்டு.

வாதிகளிடமும் வரி வாங்க வேண்டும் என்று தீர்ப்பானது. மும்பைக்காரர் சொன்னபடி பணம் அனுப்பவில்லை. அடுத்த கொடையில் வாணவேடிக்கை கிடையாது. வில்லுப்பாட்டு மட்டும் நடந்தது. கமிட்டி அப்பீல் போகவில்லை.

அமெரிக்கா 2018 கடைசியில் யுனெஸ்கோவை விட்டு விலகி, 2023-ல் திரும்பியது. 2025 ஜூலையில் மறுபடி விலகுவதாக அறிவித்தபோதும் சொன்ன காரணங்களில் ஒன்று, பாலஸ்தீனத்தைச் சேர்த்தது. அந்த விலகல் 2026 டிசம்பர் முடிவில் அமலாகும் என்று அறிவிப்பு. பாலஸ்தீனம் உறுப்பு நாடாகவே இருக்கிறது.