விட்டதைப் பிடிக்கப் போனவர்

1866 அக்டோபர், பீட்டர்ஸ்பர்க்

இருபது வயது அன்னா சுருக்கெழுத்து வேலைக்காக வந்து சேர்ந்த வீட்டைக் கடன் நெரித்துக்கொண்டிருந்தது. எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கி நவம்பர் 1-க்குள் பதிப்பாளருக்குப் புதிய நாவல் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். தவறினால், அவருடைய எழுத்துகளை ஒன்பது ஆண்டுகள் காசு கொடுக்காமல் அச்சிடும் உரிமை பதிப்பாளர் கைக்குப் போய்விடும். தஸ்தயெவ்ஸ்கி சொல்லச் சொல்ல அன்னா எழுதினார். 26 நாளில் நாவல் முடிந்தது. பெயர் 'சூதாடி'.

அந்த நாவலுக்கான சரக்கை அவர் வெளியே தேடவில்லை. முந்தைய ஆண்டு வீஸ்பாடன் நகரில் ஐந்தே நாளில் கடியாரம்வரை ரூலெட் சூதாட்டத்தில் விட்டிருந்தார். தங்கியிருந்த விடுதி சாப்பாட்டை நிறுத்தித் தேநீர் மட்டும் கொடுத்தது. பட்டினி கிடப்பது யாருக்கும் தெரியக்கூடாது என்று, சாப்பாட்டு வேளையில் வெளியே போய் நேரம் கழித்துத் திரும்பினார்.

1867 மே, ஹோம்பர்க்

இருவருக்கும் திருமணமாகி மூன்று மாதம். அன்னாவை டிரெஸ்டனில் விட்டுவிட்டு, நாலு நாளில் வந்துவிடுவேன் என்று கிளம்பியவர் பத்து நாள் தங்கினார். நிதானம் இழக்காமல் ஆடினால் தோற்கவே முடியாது என்று அன்னாவுக்குக் கடிதம் எழுதினார். ஹோம்பர்க் ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள்: பதினெட்டு சிவப்பு, பதினெட்டு கறுப்பு, ஒன்று பூஜ்யம். அந்தப் பூஜ்யம் ஆட்டத்தை நடத்துபவருக்கு. எவ்வளவு நிதானமும் அந்த ஒரு குழியை அடைக்காது.

1867 ஜூலை, பாடன்-பாடன்

கொல்லன் பட்டறைக்கு மேல் இரண்டு அறை. விடியுமுன்பே சம்மட்டிச் சத்தம். அன்னாவுக்கு மசக்கை.

தன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி அவர் தினமும் குறிப்பேடு எழுதினார். சுருக்கெழுத்தில் எழுதியதால் கணவரால் படிக்க முடியவில்லை. அங்கே தங்கிய ஏழு வாரங்களில் என்னென்ன அடகுக்கு நடந்தன என்பது அதில் இருக்கிறது. கல்யாணத்துக்குக் கணவர் பரிசளித்த தோடும் புரூச்சும், இருவரின் மோதிரங்களும், கோட்டும், அன்னாவின் உடைகளும் ஒவ்வொன்றாகப் போயின. ஜெயித்த நாளில் பழமும் பூவும் வாங்கிக்கொண்டு வருவார். மறுநாள் விட்டதைப் பிடிக்கப் போவார். இரவில் மனைவியின் காலடியில் விழுந்து, உன் கடைசிக் காசையும் திருடிவிட்டேன் என்று அழுவார்.

முதுமையில் அன்னா எழுதிய நினைவுக்குறிப்புகளில் இதெல்லாம் கனிந்து தெரியும். 1867-இன் குறிப்பேட்டில் அழுகையும் எரிச்சலும் பயமும் இருக்கின்றன. இந்தக் குறிப்பேட்டைத்தான் அதிகம் நம்பத் தோன்றுகிறது. சூதாடியின் வீட்டில் வாழ்பவர் எந்நேரமும் பொறுமையாக இருந்தார் என்று சொல்வது அவருக்கே செய்யும் அநியாயம்.

ஆனால் ஒன்றை அன்னா அந்த வயதிலேயே புரிந்துகொண்டார். மன உறுதி இல்லாததால் வந்த கோளாறு அல்ல இது, ஒரு நோய் என்பதை. மனநோய் வகைப்பாட்டில் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சூதாட்டத்தை மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் பக்கத்தில் வைத்தது 2013-இல்.

1868, ஜெனீவா

மார்ச்சில் பெண் குழந்தை சோனியா பிறந்தாள். ஏப்ரலில் தஸ்தயெவ்ஸ்கி சாக்ஸோன் நகருக்குப் போய் ஆடினார், தோற்றார், மோதிரத்தை அடகு வைத்தார். மே மாதம் நுரையீரல் அழற்சியில் சோனியா போய்விட்டாள்.

1871 ஏப்ரல் 28, வீஸ்பாடன்

இந்த முறை போகச் சொன்னதே அன்னாதான். நாவல் நகராமல் தஸ்தயெவ்ஸ்கி தவித்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்த 300 தாலரில் 100 தாலர் போனாலும் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டு, திரும்பி வராது என்று தெரிந்தே கொடுத்தார். ஆடுபவர் கையில் பணம் தங்கக்கூடாது என்பது இன்றைய சிகிச்சையின் பாடங்களில் ஒன்று. அன்னா செய்ததை யாருக்கும் வழியாகச் சொல்ல முடியாது. ஆனால் மிச்ச 200 தாலரை அவர் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

நூறும் போயிற்று. ஊர் திரும்ப அன்னா அனுப்பிய 30 தாலரும் போயிற்று. இரவில் ரஷ்யப் பாதிரியாரைத் தேடி இருட்டில் ஓடினார் தஸ்தயெவ்ஸ்கி. தேவாலயம் என்று எண்ணிப் போய் நின்ற இடம் யூதர்களின் தொழுகைக்கூடம். தலையில் குளிர்ந்த நீரைக் கொட்டியதுபோல இருந்தது என்று அன்றிரவே மனைவிக்கு எழுதினார். பத்து வருடமாக ஆட்டிவைத்த பித்து தொலைந்தது, இதுதான் கடைசி என்றார். கூடவே இன்னொரு 30 தாலரும் கேட்டார்.

அன்னா உடனே நம்பவில்லை. எத்தனை 'கடைசி'களைப் பார்த்தவர்!

அந்த ஓர் இரவுதான் அவரை மீட்டது என்று இதை எழுதுபவரும் நம்பவில்லை. அந்த இரவுக்குப் பின்புலமாக நான்கு ஆண்டுகள் இருந்தன. ஒரு குழந்தையின் சாவு, டிரெஸ்டனில் இரண்டு வயதை எட்டும் மகள், வயிற்றில் இன்னொன்று, முடிக்க வேண்டிய நாவல், வரவுசெலவைத் தன் பிடிக்குள் கொண்டுவந்துகொண்டிருந்த மனைவி.

1873 ஜனவரி, பீட்டர்ஸ்பர்க்

அன்று நகராமல் தவித்த அந்த நாவலைப் பதிப்பாளர் யாரிடமும் கொடுக்காமல் அன்னா தானே வெளியிட்டார். வீட்டு வாசலிலேயே விற்பனை. முதல் நாள் 115 பிரதிகள். கடன்காரர்களிடம் பேசுவதும் அவர் வேலையாயிற்று. கடைசிக் கடன் அடைந்தபோது கணவருக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆயுள் மிச்சமிருந்தது.

1874 கோடை, எம்ஸ்

நுரையீரல் சிகிச்சைக்காக தஸ்தயெவ்ஸ்கி தனியாக ஜெர்மனி வந்தார். பிறகு 1875, 1876, 1879 என்று மறுபடியும் மறுபடியும் வந்தார். ஜெர்மனியின் சூதாட்ட அரங்குகளை 1872 முடிவோடு அரசு மூடிவிட்டது. அதனால்தான் தப்பினார் என்று சொல்பவர்கள் உண்டு. அன்னா அவர்களுக்குப் பதில் எழுதி வைத்திருக்கிறார்: சாக்ஸோனிலும் மான்டே கார்லோவிலும் சக்கரம் சுழன்றுகொண்டுதான் இருந்தது, ஆசை இருந்தால் தூரம் அவரைத் தடுத்திருக்காது. எம்ஸிலிருந்து அவர் அனுப்பிய கடிதங்களில் இருமலும், குடித்த ஊற்றுநீரின் கணக்கும், பிள்ளைகளைப் பற்றிய விசாரிப்பும் இருக்கின்றன.