பெரிய டம்ளர் காப்பி

நல்ல காப்பி சிறிய டம்ளரில்தான் கிடைக்கும் என்ற நம்பிக்கை நம் ஜனங்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. "கொஞ்சமாகக் கொடுத்தாலும் நன்றாகக் கொடு" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதில் பாதிதான் உண்மை. கொஞ்சமாக இருப்பதனால் காப்பி நன்றாயிருப்பதில்லை. நிறையப் போட வேண்டும் என்ற சந்தர்ப்பம் வரும்போது பலரும் பொடியைக் கூட்டுவதில்லை. பாலைக் கூட்டுகிறார்கள், அல்லது வெந்நீரைக் கூட்டுகிறார்கள். பாலைக் கூட்டினால் காப்பி வாசனையுள்ள பால் கிடைக்கிறது. வெந்நீரைக் கூட்டினால் என்ன கிடைக்கிறது என்பதற்குத் தமிழில் இன்னும் பெயர் ஏற்படவில்லை. பழி மட்டும் டம்ளரின் மேல் விழுகிறது.

நமக்குப் பெரிய டம்ளர் ஏன் தேவைப்பட்டது என்று நேயர்கள் கேட்கலாம். பேராசை அல்ல, தொழிலின் நிர்ப்பந்தம். நாம் சரித்திர உபாத்தியாயர். பரீட்சைக் காலத்தில் நாற்பது விடைத்தாள் கொண்ட கட்டு ஒன்று மேஜையின்மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். 150 மில்லி பிடிக்கும் டம்ளர் மூன்றாவது தாள் முடிவதற்குள் வெறுமையாகிவிடும். நான்காவது தாளில், 1526-ஆம் வருஷத்துப் பானிப்பட்டு யுத்தத்தை பாபருக்குப் பதிலாக அக்பர் ஜயித்திருப்பார். அக்பர் பிறந்ததே 1542-இல்! இத்தகைய சமயங்களில் டம்ளரின் அடியில் இன்னும் நாலு வாய் காப்பி இருக்கக் கூடாதா என்று மனம் ஏங்குவது இயற்கையே.

ஆகவே 300 மில்லி பிடிக்கும் எவர்சில்வர் டம்ளர் ஒன்றைப் பாத்திரக் கடையிலிருந்து வாங்கி வந்தோம். நமது சகதர்மிணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒரு நிபந்தனை விதித்தாள்.

"பெரிய டம்ளரைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இருக்கிற பொடியிலேயே இரண்டாந்தரம் வெந்நீர் ஊற்றி இழுக்கிற வேலை இந்த வீட்டில் கிடையாது. பெரிது என்றால் நாலு பேருக்கும் பெரிது. அம்மாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்" என்றாள்.

நாலு பேர் என்பது நாம், சகதர்மிணி, கல்லூரியில் படிக்கும் புதல்வி, எழுபத்தாறு வயதான நமது தாயார் ஆகியோர்.

இந்த நிபந்தனையின் உட்பொருளைத் தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதல் டிகாக்ஷன் வீட்டு ஆண்களுக்கும் வந்த விருந்தினருக்கும் உரியது. அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கிய இரண்டாவது டிகாக்ஷன் வீட்டுப் பெண்களுக்கு உரியது. மூன்றாவதாக ஒன்று இறங்குமானால் அது வேலை செய்ய வருகிறவளுக்கு. இப்படி எந்த சாஸ்திரத்திலும் எழுதிவைக்கவில்லை. காப்பி நம் வீடுகளில் பரவலாக நுழைந்து ஒரு நூற்றாண்டுக்குச் சற்று அதிகந்தான் ஆகிறது. அதற்கு முன் காலையில் குடித்த நீராகாரத்தில் முதல், இரண்டு என்ற தரபேதம் கிடையாது. புதிதாக வந்த பானத்துக்குள் பழைய பந்தி வரிசை எப்படியோ ஏறி உட்கார்ந்துகொண்டது.

இரண்டாவது டிகாக்ஷனில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வறுத்த காப்பியின் எடையில் ஏறக்குறைய 30 சதவிகிதம் வரையில் வெந்நீரில் கரையக்கூடியது. 1950-களில் அமெரிக்காவில் எர்னெஸ்ட் லாக்ஹார்ட் என்னும் ரசாயன அறிஞர் இதை ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியின் வழியே வந்த கணக்கு, எடையில் 18 முதல் 22 சதவிகிதம் வரை நீரில் இறங்கினால் ருசி சரியாக இருக்கும் என்பது. அதற்குக் குறைந்தால் புளிப்பும் வெறுமையும். அதிகமானால் கசப்பும் துவர்ப்பும். மணமும் இன்சுவையும் முதலில் கரைந்துவிடுகின்றன; கசப்புப் பொருள்கள் மெதுவாகக் கரைகின்றன. ஆகவே இரண்டாவது நீரில் நிறம் வரும், கசப்பு வரும்; முதல் நீரோடு போய்விட்ட மணம் மட்டும் திரும்பி வராது. தலைமுறை தலைமுறையாக நம் பெண்மக்கள் குடித்து வந்தது அந்த மிச்சத்தைத்தான்.

நிற்க. இனிக் கணக்குக்கு வருவோம். சரித்திர உபாத்தியாயருக்கும் கூட்டல் பெருக்கல் தெரியும்.

சிறிய டம்ளரில் 40 மில்லி டிகாக்ஷனும் 110 மில்லி பாலும் சேர்வது நமது வீட்டு அளவு. நால்வருக்கு 160 மில்லி டிகாக்ஷன் வேண்டும். இதற்கு 50 கிராம் பொடி. ஆனால் ஊற்றுகிற வெந்நீர் அனைத்தும் கீழே இறங்குவதில்லை. பொடி தன் எடையைப்போல் சுமார் இரண்டு மடங்கு நீரைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும். 50 கிராம் பொடி 100 மில்லியைக் குடித்துவிடும். ஆகவே 260 மில்லி ஊற்றினால்தான் 160 கிடைக்கும். டம்ளரை இரட்டிப்பாக்கினால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்க வேண்டும்: பொடி 100 கிராம், வெந்நீர் 520 மில்லி, டிகாக்ஷன் 320 மில்லி. இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. பொடியை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் பெருக்க நினைப்பதில்தான் மாயம் இருக்கிறது.

ஆனால் கணக்கு சரியாக இருந்தும் முதல் நாள் காப்பி இறங்கவில்லை. காரணம் பில்டர். நால்வருக்கான பில்டரில் 100 கிராமைப் போட்டு அமுக்கினால் பொடி உயரமாகப் படிந்துவிடுகிறது. வெந்நீர் பட்டவுடன் உப்பி, துளைகளை அடைத்துக்கொள்கிறது. பிறகு வீட்டார் ஒவ்வொருவராக வந்து பில்டரின் தலையில் கரண்டியால் தட்டிவிட்டுப் போவார்கள். இதற்கு மாற்று, உயரத்தைக் கூட்டாமல் அகலத்தைக் கூட்டுவது. அடிப்பாகம் அகன்ற பெரிய பில்டரில் அதே 100 கிராம் அடக்கமாகப் பரவும். நீர் தாராளமாக இறங்கும். பெரிய பில்டரில் கொஞ்சம் பொடியைப் போடுவதும் ஆகாது. படிவு மெல்லியதாகி, நீர் பிடிபடாமல் ஓடிவிடும். எனவே பெரிய காப்பிக்கு ஒரு பில்டர், சிறிய காப்பிக்கு ஒரு பில்டர் என்று இரண்டு இருப்பதே உசிதம்.

இன்னும் சில நுட்பங்கள் உண்டு. பொடி அரைக்கும் கடையில் பெரிய பில்டருக்கென்று சொல்லி, சற்றே கரகரப்பாக அரைத்து வாங்க வேண்டும். பொடியைச் சமமாகப் பரப்பி, குடைபோன்ற தட்டை அதன்மேல் வைத்து இலேசாக அமுக்கினால் போதும். பகையாளியை அமுக்குவதுபோல் அமுக்கலாகாது. தளதளவென்று கொதித்த நீரை இறக்கி அரை நிமிஷம் பொறுத்து ஊற்றலாம்; 90 முதல் 96 டிகிரி வரையிலான சூடு காப்பிக்குப் பொருத்தமானது. முதலில் பொடி நனையுமளவு ஊற்றி, அரை நிமிஷம் கழித்து மீதியை ஊற்றினால் எல்லாப் பொடியும் ஒரே மாதிரி ஊறும். இடையில் சொட்டு நின்றுவிட்டால் தட்ட வேண்டாம். மேல் பாத்திரமும் கீழ்ப் பாத்திரமும் இறுகப் பொருந்தி, உள்ளே காற்று அகப்பட்டுக்கொண்டிருக்கலாம். மேல் பாத்திரத்தை ஒரு நூலளவு தூக்கி வைத்தால் மறுபடி சொட்ட ஆரம்பிக்கும்.

சிக்கரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது காப்பியல்ல, ஒரு செடியின் வேரை வறுத்துப் பொடித்தது. ஐரோப்பாவில் நெப்போலியன் 1806-இல் ஆங்கிலேய வியாபாரத்தைத் தடுத்தபோது காப்பிக் கொட்டை வரத்து குறைந்தது. அந்தத் தட்டுப்பாட்டில்தான் சிக்கரி பிரான்ஸில் பெருவாரியாகப் பரவியது. நாக்குக்கு நிறைவும் கண்ணுக்குக் கருமையும் தரும் குணம் அதற்கு உண்டு. ஆபத்தும் இங்கேதான். கருமையைக் கண்டு கெட்டியான டிகாக்ஷன் என்று ஏமாறுவது எளிது. காப்பி 51 சதவிகிதத்துக்குக் குறையலாகாது என்பதும், கலவை விகிதத்தைப் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும் என்பதும் நமது நாட்டில் சட்டம். சட்டத்தின் ஓரத்தில் நடக்கும் பொடிகளும் உண்டு. விகிதத்தைப் படித்து வாங்குங்கள். சந்தேகமிருந்தால் ஒரு சிட்டிகைப் பொடியைக் குளிர்ந்த நீரின்மேல் தூவிப் பாருங்கள். காப்பி சற்றுநேரம் மிதக்கும். சிக்கரி பழுப்பு இழை விட்டுக்கொண்டு உடனே அடியில் இறங்கும். பெரிய டம்ளருக்கு நூற்றுக்கு இருபது பங்குக்குமேல் சிக்கரி வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம்.

பாலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு கொதி வந்தவுடன் இறக்கிய புதுப் பால் போதும். மீண்டும் மீண்டும் காய்ச்சினால் காய்ச்சல் வாடை ஏறிவிடும். டிகாக்ஷனை அடுப்பில் ஏற்றவே வேண்டாம். சூடு பாலிலிருந்து வரட்டும். மணம் டிகாக்ஷனில் தங்கட்டும்.

இவ்விதம் தயாரான நான்கு பெரிய டம்ளர்களில் ஒன்று நமது தாயாரிடம் சென்றது. அவர் ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா இது, இவ்வளவு காட்டமாக இருக்கிறது! எனக்கு எப்போதும் போடுகிற காப்பியே போதும்" என்றார்.

அவர் எப்போதும் குடிக்கிற காப்பி எது என்பது நமது சகதர்மிணிக்குத் தெரியும். பதினெட்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல், எல்லோருக்கும் கொடுத்தனுப்பிய பிறகு, மறுபடி நீர் ஊற்றி இறங்கியதையே அவர் குடித்து வந்திருக்கிறார். யாரும் அப்படிச் செய்யும்படி சொல்லவில்லை. சமையல் அவர் கையிலேயே இருந்தது. ஐம்பது வருஷங்களுக்கு மேல் பழகிய நாக்குக்கு அதுதான் காப்பி. முதல் டிகாக்ஷன் அந்நிய பானமாகத் தோன்றியதில் வியப்பென்ன?

சகதர்மிணி வாதாடவில்லை. பழைய காப்பியையும் கொடுக்கவில்லை. மறுநாள் முதல் டிகாக்ஷனிலேயே பாலைச் சற்று அதிகமாக விட்டுக் கொடுத்தாள். அடுத்த வாரம் பாலைக் கொஞ்சம் குறைத்தாள். ஒரு மாதம் சென்றபின், ஒருநாள் புதல்வி அவசரத்தில் நீர் அதிகமாக ஊற்றிவிட்டாள். டம்ளரை முதலில் கீழே வைத்தவர் நமது தாயார்தாம். "டிகாக்ஷன் நீர்த்துவிட்டதே, அம்மா!" என்றார். நமக்குப் பல்கலைக் கழகம் பட்டம் அளித்தபோதுகூடச் சகதர்மிணியின் முகத்தில் அன்று கண்ட சந்தோஷத்தைக் கண்டதில்லை. அப்போது அவளுக்கும் நமக்கும் அறிமுகமில்லை என்பது வேறு விஷயம்.

செலவு என்ன ஆகிறது என்ற கேள்வி நியாயமானது. காலையும் மாலையும் 50 கிராம் வீதம் மாதம் 3 கிலோ பொடி ஆனது. காலையில் மட்டும் பெரிய டம்ளர் என்று வைத்துக்கொண்டதில் அது 4½ கிலோ ஆயிற்று. விலையோ சாமானியமானதல்ல. பிரேஸில் தேசத்தில் 2024-இல் மழை பொய்த்தது. 2025-ஆம் வருஷத் தொடக்கத்தில் அராபிகாக் கொட்டையின் விலை உலகச் சந்தையில் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. அங்கே வானம் பொய்த்தால் இங்கே டிகாக்ஷன் நீர்த்துப்போகிறது. நமது வீட்டில், பள்ளிக்கூடத்துக்கு எதிரேயுள்ள கடையில் நாம் தினம் இரண்டு வேளை குடித்துவந்த காப்பியை நிறுத்தியதில் செலவு ஏறக்குறையச் சரிக்கட்டிப்போயிற்று. அப்படிச் சரிக்கட்ட வழியில்லாத வீடுகளில் பெரிய டம்ளரை மறந்துவிடலாம், அதனால் குற்றமில்லை. எல்லோரும் சிறிய டம்ளரில் முதல் டிகாக்ஷன் குடிக்கட்டும். ஒருவர் டம்ளர் பெரிதாவதற்காக இன்னொருவர் டம்ளர் நீர்த்துப்போவது மட்டும் கூடாது.

ஆரோக்கியத்தையும் மறக்கலாகாது. பொடி இரட்டிப்பானால் அதிலுள்ள காஃபீன் என்னும் சத்தும் இரட்டிப்பாகும். ரொபஸ்டாக் கொட்டையில் அது அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆரோக்கியமுள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை பாதகமில்லை என்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு அதில் பாதியே எல்லை. குடித்த காஃபீனில் பாதி கழிவதற்கே ஐந்து மணி நேரம்போல் ஆகும். ஆகவே பெரிய டம்ளர் ஒருநாளைக்கு ஒருமுறை, அதுவும் காலையில். விடைத்தாள்களையும் இப்போது விடியற்காலையில்தான் திருத்துகிறோம்.

பெரிய டம்ளர் வாங்க உத்தேசிக்கும் நேயர்களுக்கு ஒரு யோசனை. முதலில் உங்கள் வீட்டில் இப்போது இறங்கும் டிகாக்ஷனை கவனியுங்கள். விருந்தினருக்கு நீட்டுகிற டம்ளரைக்கொண்டு ஒரு வீட்டுக் காப்பியை மதிப்பிட முடியாது. அடுக்களையில் கடைசியாக ஊற்றப்படும் டம்ளர் எதுவோ, அதை ஒருநாள் கேட்டு வாங்கிக் குடித்துப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் தாராளமாகக் கடைக்குப் போகலாம். வாங்கும்போது ஒரு டம்ளராக வாங்காதீர்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை வாங்குங்கள்.