இளைப்பாற்றி யாருக்கு?

இளைப்பாற்றி என்னும் இனிய சொல்லை நம் கத்தோலிக்க மக்கள் பெரும்பாலும் இறந்தோருக்கென்றே ஒதுக்கி வைத்துவிட்டனர். கல்லறைத் தோட்டத்தில் நின்று நித்திய இளைப்பாற்றியை இரந்து மன்றாடும் நாம், உயிரோடு இருப்பவர் ஒரு நாள் இளைப்பாற விரும்பினால், "வேலை வெட்டி இல்லையா?" என்று கேட்கிறோம். நேர்த்திக்கடன் என்றால் பயணம் போகலாம். திருமணம், துக்கம் என்றாலும் போகலாம். ஆற்றையும் வயலையும் பார்த்து வருவதற்கென்றே புறப்படுவது மட்டும் ஏதோ குற்றம்போல் கருதப்படுகிறது.

எங்கள் பங்கின் இளைஞர் சிலர், பொங்கலை அடுத்த ஒரு விடுமுறை நாளில் திருச்சியிலிருந்து கல்லணை வரை எல்லாரும் மிதிவண்டியில் போய் வரலாம் என்று சொன்னபோதும் இதே கேள்வி எழுந்தது. "பூண்டி மாதா கோவிலுக்கென்றால் பொருள் உண்டு; கல்லணைக்கு எதற்கு?" என்றார் ஒரு பெரியவர். திருப்பயணத்தின் பெருமையை மறுப்பார் யார்? ஆயினும் கடவுள் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்று தொடக்கநூல் கூறும்போது, அந்த ஓய்வுக்கு அது வேறு காரணம் எதையும் கற்பிக்கவில்லை. படைத்ததைப் பார்த்தார், நல்லதெனக் கண்டார், ஓய்ந்தார்.

பிரான்சு நாட்டின் நாட்டுப்புறங்களில் இவ்வாறு கூட்டமாக மிதிவண்டியில் உலா செல்வது பெருவழக்கு. லுவார் ஆற்றையொட்டி ஏறத்தாழ 900 கிலோ மீட்டர் நீளத்திற்கு மிதிவண்டி வழித்தடமே அமைத்துள்ளனர். குடும்பம் குடும்பமாக, ஊர் ஊராகத் தங்கி, பல நாள் போகின்றனர். 1903ஆம் ஆண்டு தொடங்கிய புகழ்பெற்ற 'டூர் தெ பிரான்சு' போட்டியில் வெல்பவர் ஒருவரே. இந்த உலாவில் தோற்பவர் என எவரும் இல்லை.

ஆனால் இந்த மகிழ்ச்சி அந்நாட்டு ஏழைகளுக்குத் தானாகக் கிடைத்துவிடவில்லை. 1936ஆம் ஆண்டு கோடையில், பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பின், லியோன் புளூம் தலைமையிலான அரசு தொழிலாளருக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் விடுமுறை அளிக்கச் சட்டம் இயற்றியது. அந்தக் கோடையில் ஆலைத் தொழிலாளர் பலர் மிதிவண்டிகளில் ஏறி நாட்டுப்புறங்களுக்கும் கடற்கரைகளுக்கும் புறப்பட்டனர். கடலையே அப்போதுதான் முதன்முறை கண்டவர்களும் உண்டு. பின்னர் 1959இல், தென்மேற்குப் பிரான்சின் லபஸ்தீத் தார்மஞாக் என்னும் சிற்றூரருகே இருந்த பழைய சிற்றாலயம் ஒன்று, ஜோசப் மாசி என்னும் பங்குக் குருவின் முயற்சியால் மிதிவண்டியோட்டிகளின் அன்னை ஆலயமாயிற்று. வீரர்கள் காணிக்கையாக அளித்த சட்டைகள் இன்றும் அதன் சுவர்களை அலங்கரிக்கின்றன. மக்களின் ஓய்வையும் திருச்சபை தன் மடியில் ஏந்திக்கொண்டதற்கு அது ஓர் அடையாளம்.

நாங்கள் பதினான்கு பேர். பிரான்சின் லூர்து ஆலயத்தை நினைவூட்டும் நம் லூர்து அன்னை ஆலயத்தின் முன் விடியற்காலையில் கூடிச் செபித்துப் புறப்பட்டோம். விதி ஒன்றே ஒன்று: முந்திச் செல்பவர், கடைசி ஆள் வரும் வரை அடுத்த ஊரில் இறங்கி நிற்க வேண்டும். காவிரிப் பாலத்தில் குளிர்காற்று முகத்தில் அறைந்தது. 1987இல் 236 அடி உயரத்தில் நிறைவு பெற்ற திருவரங்கத்து இராசகோபுரம் பனிமூட்டத்தில் மெல்ல உருக்கொண்டது. அந்த நேரத்திலும் சாலையில் மிதிவண்டிகள் இருந்தன: பால் கேன் கட்டியவை, பூக்கூடை சுமந்தவை, வாழைத்தார் ஏற்றியவை. எங்களுக்கு உலாவாக இருந்தது அவர்களுக்குப் பிழைப்பாக இருந்தது.

திருவானைக்காவல் தாண்டியதும் ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். நடுவில் வாழைத் தோட்டங்களும் வயல்களும். உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பொன்மலை இரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், கனத்த பழைய கறுப்பு வண்டியில் எப்போதும் கடைசியாகவே வந்து சேர்ந்தார். உத்தமர்சீலியில் அவருக்காக நின்றபோது மூச்சு வாங்கச் சொன்னார்: "முப்பத்தஞ்சு வருசம் சைக்கிள் மிதிச்சேன் சாமி. சங்கு ஊதுறதுக்குள்ள போகணும்னு தரையைப் பார்த்தே மிதிச்சேன். தலையைத் தூக்கிப் பார்த்துக்கிட்டே மிதிக்கிறது இன்னிக்குத்தான்." "லீவு கிடையாதா தாத்தா?" என்றான் ஓர் இளைஞன். "இருந்துச்சு தம்பி. கலியாணம், சாவு, ஆஸ்பத்திரி, எல்லாம் அதுலதான்."

எவரும் பேசவில்லை. அதன்பின் வேகமாகச் செல்லும் கியர் வண்டிக்காரர்களும் அவரைச் சூழ்ந்தே மெதுவாக மிதித்தனர்.

கல்லணையில், ஒன்றாய் வந்த நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிந்து செல்வதைப் பார்த்தபடி உண்ண அமர்ந்தோம். அப்போது, வீட்டுவேலை செய்து பிழைக்கும் எங்கள் பங்குச் சகோதரி ஒருவரைப் பற்றிய பேச்சு வந்தது. அவர் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவர். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பெண்கள் ஆயிரமாயிரமாய் மிதிவண்டி கற்றனரே, அவர்களுள் ஒருவர். எங்களோடு வர மிகவும் ஆசைப்பட்டார், வர இயலவில்லை. விடுமுறை நாளில்தான் வீடுகளில் வேலை அதிகம். அவர் வேலை செய்யும் வீடுகளுள் ஒன்று, எங்களோடு அமர்ந்து உண்டுகொண்டிருந்த குடும்பத்தினுடையது.

ஓய்வுநாள் கட்டளையை இணைச்சட்ட நூல் எவ்வாறு தருகிறது என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுத் தலைவன் ஓய்ந்திருந்தால் போதும் என்று அது விட்டுவிடவில்லை. மகன், மகள், வேலைக்காரர், வேலைக்காரி, அயலார், ஏன், மாடும் கழுதையும்கூட ஓய வேண்டும் என்கிறது. எகிப்தில் ஓய்வின்றி உழைத்த அடிமைகள் நீங்கள் என்பதை மறவாதீர்கள் என்று அதற்குக் காரணமும் காட்டுகிறது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891ஆம் ஆண்டு வெளியிட்ட தொழிலாளர் பற்றிய சுற்றுமடலில், தொழிலாளியின் ஓய்வைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை என வலியுறுத்தினார். நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வார விடுமுறையையும் ஊதியத்துடன் கூடிய விடுப்பையும் தந்தது. ஆனால் அச்சட்டம் ஆலை வாயிலோடு நின்றுவிட்டது; நம் அடுப்படிக்குள் அது வரவில்லை. அங்கே வர வேண்டியது நம் மனச்சான்று. மேலே உள்ளவர் நீரைத் தேக்கி வைத்துக்கொண்டால் கடைமடை காயும் என்பது காவிரிக்கரையில் பிறந்த நமக்குத் தெரியாததா? ஓய்வும் அப்படிப்பட்டதே.

அக்குடும்பத்துத் தாய் சிறிது நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாசத்துக்கு ரெண்டு நாள், சம்பளத்தோட லீவுன்னு சொல்லிடறேன் சாமி. வண்டியும் நம்மகிட்டயே இருக்கு" என்றார். எவரும் அவரைக் கேட்டுக்கொள்ளவில்லை, இடித்துரைக்கவுமில்லை.

அன்பு வாசகரே, உங்கள் இல்லத்தில் பாத்திரம் துலக்குபவர், உங்கள் கடையில் மூட்டை தூக்குபவர், உங்கள் பங்குக் கோவிலில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை ஆகிய இவர்கள் கடைசியாகத் தலை நிமிர்ந்து ஆற்றைப் பார்த்தது எப்போது என்று கேட்டுப் பாருங்கள். இறந்தபின் அவர்களுக்காக இளைப்பாற்றி வேண்டி நாம் செபிக்கத்தான் போகிறோம். அதில் ஒரு நாளை இப்போதே கொடுத்துவிடுவது நம் கையில் இருக்கிறது.