கைநழுவிப் போகுமா?

ஒரு தரம் பெற்ற இரட்சிப்பு கைநழுவிப் போகுமா? கேட்பதற்குப் பாதிரிமார் விவகாரம் போலிருக்கும். மகன் கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்ட என் அக்காவுக்கோ, தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி அது!

பெரியவர்களே இதில் ஒத்துப்போகவில்லை. சாவான பாவத்தால் தேவ வரப்பிரசாதம் போய்விடும், பாவசங்கீர்த்தனத்தால் மீளும் என்றது கத்தோலிக்கரின் திரெந்து சங்கம், 1547-ல். ஹாலந்தின் டார்ட் நகரில் 1618-19-ல் கூடிய சீர்திருத்த சபையார், மெய்யாக மீட்கப்பட்டவனைக் கடவுள் கைவிடவே மாட்டார் என்றார்கள். இழக்கலாம் என்றார், அடுத்த நூற்றாண்டில் வந்த ஜான் வெஸ்லி.

ஆனால் மனந்திரும்பி வருகிறவனுக்கு இவர்களில் யாருமே கதவைச் சாத்தவில்லை. மூன்று தடவை மறுதலித்த பேதுருவிடந்தானே ஆண்டவர் தம் ஆடுகளை ஒப்படைத்தார்?

அம்மாமார்களே, பிள்ளையின் ஆத்துமக் கணக்கைப் பார்ப்பவர் வேறே இருக்கிறார். அவன் வீட்டுக்கு வரும்போது வசை பாடாமல் ஒரு வாய் காப்பி கொடுப்பதுதான் நம் வேலை.