நர்ஸம்மா காலைப் பார்த்தார், நான் தராசைப் பார்த்தேன்

1/
இது நான் கோட்டை விட்ட ஒரு கேஸைப் பத்தின பதிவு. கைக்குழந்தை இருக்கிற வீடு, கர்ப்பிணி இருக்கிற வீடுன்னா கடைசி வரைக்கும் படிங்க. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

2/
சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியா பாண்டிச்சேரி போனவங்களுக்கு மரக்காணம் தெரியும். கண்ணுக்கு எட்டின வரை பாத்தி பாத்தியா உப்பளம், அங்கங்கே வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல். எல்லாரும் காரை நிறுத்தி போட்டோ எடுப்போம். எம்.பி.பி.எஸ். முடிச்சு அரசுப் பணியில் சேர்ந்த புதுசுல, அந்தக் கடற்கரைப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் வேலை பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம்.

3/
உப்பள வேலை விடியறதுக்கு முன்னாடியே தொடங்கிடும். வெயில் ஏறிட்டா நிற்க முடியாதுன்னு ராத்திரி 3 மணிக்கே கிளம்பிப் போவாங்க. ஆண்கள் பாத்தியில் உப்பை வாரி ஒதுக்க, பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரையில் கொட்டுவாங்க. வருஷத் தொடக்கத்தில் ஆரம்பிக்கிற வேலை, மழைக்காலம் வந்தா நின்னுடும். அந்த மாதங்களுக்கு முன்பணம் வாங்கித்தான் பல வீட்டில் அடுப்பு எரியும். அடுத்த சீசன்ல அதைக் கழிக்கணும். இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, கதையே இதுலதான் இருக்கு.

4/
ஒரு புதன்கிழமை. புதன்கிழமைன்னா தடுப்பூசி நாள், கூட்டம் தாங்காது. 21 வயசுப் பொண்ணு ஒருத்தி 44 நாள் குழந்தையோட வந்தாள். முதல் பிரசவம். அம்மா இல்லாத பொண்ணு, அதனால தாய்வீட்டுக்குப் போகல, புருஷன் வீட்டிலேயேதான் இருந்தாள். பிறந்தப்போ எடை 2.3 கிலோ. இரண்டரைக்குக் கீழே இருந்தா எடை குறைந்த குழந்தைன்னு சொல்வோம்.

5/
நான் எடை பார்த்தேன். 2.95. "பரவாயில்லையே, ஏறியிருக்கு. தாய்ப்பால் மட்டும்தானே?"

"ஆமாங்க மேடம்."

"நல்லா சாப்பிடு. நல்லா பால் குடு. ஆறு மாசம் வரைக்கும் தண்ணிகூடக் குடுக்கக் கூடாது, புரியுதா?"

"சரிங்க மேடம்."

ஊசி போட்டாச்சு. அடுத்த ஆள். மொத்தம் ரெண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

6/
கூட்டம் குறைஞ்சதும் எங்க கிராம சுகாதாரச் செவிலியர் பதிவேட்டோட வந்து நின்னாங்க. ஊர் ஜனம் அவங்களை நர்ஸம்மான்னுதான் கூப்பிடும். 20 வருஷத்துக்கு மேல அனுபவம்.

"மேடம், அந்தப் பொண்ணு காலைப் பாத்தீங்களா?"

"இல்லையே, ஏன் சிஸ்டர்?"

"ஒன்றரை மாசமா வீட்டுல இருக்கிறவ காலுல புதுசா எப்படி மேடம் உப்புப்புண்ணு வரும்?"

7/
பதிவேட்டைத் திறந்து காட்டினாங்க. 28-ம் நாள் வீட்டுக்குப் போய் எடை போட்டப்போ குழந்தை 2.9 கிலோ. அதுக்கப்புறம் 16 நாள்ல ஏறினது வெறும் 50 கிராம். இந்த வயசுக் குழந்தை ஒரு நாளைக்கே சுமார் 25 கிராம் ஏறணும். 400 கிராம் கூடியிருக்க வேண்டிய இடத்தில் 50.

நான் பிறந்த எடையையும் இன்னைக்கு எடையையும் மட்டும் பார்த்தேன். நடுவுல என்ன நடந்ததுன்னு பார்க்கல. தப்பு என்னோடது.

"நாளைக்குக் காலைல என்கூட ஒரு நடை வாங்க மேடம்"ன்னாங்க.

8/
மறுநாள் 8 மணிக்குப் போனோம். வாசலில் யாருமில்லை. உள்ளே தூளியில் பாப்பா, பக்கத்தில் புருஷனோட ஆயா. எழுபது தாண்டியவங்க, பார்வை மங்கல். மாமியாரும் உப்பளத்துக்குத்தான் போறாங்க. கையில் பால் பாட்டில், ஊசி வச்சுப் பெரிசாக்கின ரப்பர். பாக்கெட் பால் ஒரு பங்கு, தண்ணி ரெண்டு பங்கு.

35-ம் நாளே அந்தப் பொண்ணு வேலைக்குத் திரும்பிட்டாள்.

9/
ராத்திரி 3 மணிக்கு அம்மா கிளம்பும்போது பாப்பா நல்லாத்தான் இருந்திருக்கு. அதுக்கப்புறம் வயித்தால போக ஆரம்பிச்சு ஏழெட்டுத் தடவை. "பாலு சேரல"ன்னு ஆயா பாலை நிறுத்திட்டு சர்க்கரைத் தண்ணி குடுத்திருக்காங்க. நான் தூக்கினேன். துவண்டு கிடந்தது. நாக்கு உலர்ந்து, கண்ணு உள்ளே போய், வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மெதுவா திரும்புது.

ரெண்டு மாசத்துக்குக் குறைஞ்ச குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் நீர்ச்சத்துக் குறைவும் சேர்ந்தா வீட்டில் வச்சுப் பார்க்கிற வேலையே கிடையாது. 108-க்கு போன் பண்ணினேன்.

10/
பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் போய்ச் சொல்ல, அந்தப் பொண்ணு ஓடி வந்தாள். முழங்கால் வரை உப்புத் தண்ணி காய்ஞ்சு வெள்ளையா இருந்தது. குழந்தையை வாங்கி மார்பில் வைக்கப் போனப்போ ஆயா தடுத்தாங்க: "வெயில்ல வந்த ஒடம்புடி. சூட்டுப் பாலு குடுக்காத, இன்னும் போவும்."

எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு. "அதெல்லாம் மூடநம்பிக்கை"ன்னு கத்த வாயைத் திறந்தேன்.

11/
நர்ஸம்மா முந்திக்கிட்டாங்க. "ஆயா சொல்றதும் சரிதான். நீ போய்க் கைகால் மூஞ்சி கழுவிக்கினு, ஈரத்துணியால மாரைத் தொடைச்சிட்டு ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வா. அதுக்குள்ள சூடு எறங்கிடும், இல்ல ஆயா?"

ஆயா தலையாட்டினாங்க. ரெண்டே நிமிஷம். உப்பும் வியர்வையும் போச்சு, கை சுத்தமாச்சு, ஆயா மரியாதையும் கெடல, குழந்தை பால் குடிச்சது. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும், போற வழியிலயும் குடிச்சது.

நான் கத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இன்னைக்கும் யோசிக்கிறேன். அதுக்கப்புறம் அந்த வீட்டில் எங்களுக்கு யாரும் உண்மை சொல்லியிருக்க மாட்டாங்க.

12/
பெரிய மருத்துவமனையில் நாலு நாள். டிரிப்ஸ் ஏறி, பாப்பா பிழைச்சுது. திரும்பி வந்தப்போ அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன், "ஏம்மா எங்கிட்ட பொய் சொன்ன?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னாள்: "நெசத்தச் சொன்னா திட்டுவீங்க மேடம். திட்டினாலும் வேலைக்குப் போய்த்தான் ஆவணும். முன்பணம் நிக்குது."

இதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

13/
ஏன் பதில் இல்லைன்னும் சொல்லிடறேன். தமிழ்நாட்டு அரசு ஊழியரான பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் சம்பளத்தோட மகப்பேறு விடுப்பு. தனியார் நிறுவனங்களுக்கு 2017-ல் சட்டத்தைத் திருத்தினதிலிருந்து 26 வாரம். தினக்கூலிக்குக் கூடை சுமக்கிறவளுக்கு நடைமுறையில் எத்தனை நாள்? முன்பணம் எத்தனை நாள் விடுதோ அத்தனை நாள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி இருக்கு, பெரிய உதவிதான். ஆனா அது தவணையா வரும், கடன்காரர் தவணைக்குக் காத்திருக்க மாட்டார்.

"ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்"னு ஏ.சி. ரூமில் சொல்றது எனக்குச் சுலபம்.

14/
கர்ப்ப காலத்திலயும் இதே கதைதான். சென்னை ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் உப்பளம், செங்கல் சூளை, வயல்னு வேலை செய்யும் பெண்களையும் சேர்த்து 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனிச்சு 2024-ல் முடிவை வெளியிட்டாங்க. அதிக வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆபத்து இரண்டு மடங்கு. "வெயில்ல போகாதே"ன்னு சீட்டில் எழுதிக் குடுத்தா தீராது.

15/
அப்போ நர்ஸம்மா என்ன பண்ணினாங்க? "வேலைக்குப் போகாதே"ன்னு ஒரு வார்த்தை சொல்லல. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாங்க.

ராத்திரி இரண்டரைக்குப் பால் குடு. குடுத்த பிறகு, கொதிக்க வச்ச எவர்சில்வர் டம்ளரில் கையால் பால் பீய்ச்சி மூடி வை. ஈரமணல் மேல குளிர்ச்சியான மூலையில் வை. 4 மணி நேரத்துக்குள்ள ஆயா அதைப் பாலாடையால புகட்டணும். மீந்தா கொட்டிடணும்.

16/
பாலாடை! நம்ம பாட்டிமார் வச்சிருந்த மூக்கு வச்ச அதே சின்னக் கிண்ணம். பால் பாட்டிலைவிட ஆயிரம் மடங்கு நல்லது. தேய்ச்சுக் கழுவிக் கொதிக்க வைக்கலாம், கிருமி ஒளிஞ்சுக்க இடுக்கு இல்லை. பச்சிளங்குழந்தை வார்டுகளில் நாங்க இன்னைக்கும் இதைத்தான் பயன்படுத்துறோம்.

17/
அடுத்து, விடிஞ்சதும் மாமனார் பாப்பாவை உப்பளக் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போகணும், பத்து நிமிஷ நடை. அங்கே அம்மா பால் குடுக்கணும். வெயில் ஏறும் முன்னாடி பாப்பா வீட்டுக்கு வந்துடணும். இதுக்கு இருபது நிமிஷம் விடணும்னு மேஸ்திரிகிட்ட நர்ஸம்மாவே போய்ப் பேசினாங்க. "உன் பேத்திக்கும் நான்தான்யா ஊசி போட்டேன்"ன்னு ஆரம்பிச்சாங்களாம். மேஸ்திரி மறுக்கல.

ஏழு மணி நேரம் குடிக்காம விட்டா பால் சுரப்பும் குறையும். குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். அதனால இந்த நடுவேளைப் பால் ரொம்ப முக்கியம். இரண்டு வாரம் கழிச்சு எடை பார்த்தோம், 350 கிராம் கூடியிருந்தது.

எந்த மருத்துவப் புத்தகத்திலும் இந்தத் திட்டம் கிடையாது. அந்த வீட்டுக்குள்ள போனவங்களால மட்டும்தான் இதைப் போட முடியும்.

18/
இது தனி ஒருத்தரோட சாமர்த்தியம் மட்டும் இல்லை. மகாராஷ்டிரம் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதி கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி குடுத்து, வீடு வீடா அனுப்பிப் பச்சிளங்குழந்தைகளைக் கவனிக்க வச்சாங்க. 1999-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மூன்றாவது ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பில் 62% குறைவு. 2011-ல் இது நாடு முழுக்கத் திட்டமாச்சு. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுக்கே போய்ப் பார்க்கணும். பல மாநிலங்களில் ஆஷா பணியாளர், நம்ம ஊரில் பெரும்பாலும் கிராம சுகாதாரச் செவிலியர்.

19/
அமெரிக்காவிலும் இதே பாடம்தான். மெக்சிகோ எல்லைப் பக்கம் ஸ்பானிஷ் மட்டுமே பேசுற தாய்மார்கள் டாக்டர் கேட்டதுக்கெல்லாம் "சரி"ன்னு தலையாட்டிட்டுப் போவாங்க. அவங்க மொழி பேசுற, அவங்க தெருவிலேயே இருக்கிற பெண்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினப்போதான் விஷயம் வெளியே வந்தது. அங்கே அவங்களுக்கு 'ப்ரோமோதோரா'ன்னு பேர்.

எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் ஒரே மொழிதான். இருந்தும் அவள் எங்கிட்ட "சரிங்க மேடம்" மட்டும்தான் சொன்னாள். ஓ.பி.யில் கேட்டா டாக்டருக்குப் பிடிச்ச பதில் கிடைக்கும். வீட்டில் கேட்டா நிஜம் கிடைக்கும்.

20/
குழந்தையிடம் இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காதீங்க:
▪ பால் குடிக்காம சோர்ந்து கிடப்பது
▪ உடம்பு சுடுவது, அல்லது சில்லிட்டுப் போவது
▪ நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுப்பது
▪ வலிப்பு
▪ உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள்
▪ தொப்புளில் சீழ், சுற்றிலும் சிவப்பு
▪ வயிற்றுப்போக்கோட நாக்கு உலர்வது, கண் உள்வாங்குவது

21/
தாயிடம்: அதிக ரத்தப்போக்கு, துர்நாற்றத்தோட வெள்ளை, காய்ச்சல், கடும் தலைவலி, கண் மங்கல், ஒரு காலில் மட்டும் வலியோட வீக்கம். காரணமில்லாத அழுகை, "செத்துடலாமான்னு இருக்கு" என்ற பேச்சு வந்தா அதுவும் அவசரம்தான். பிரசவம் முடிஞ்சா குழந்தையை மட்டும்தான் எல்லாரும் பார்க்கிறோம். 108-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

22/
ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர்னு கணக்கு. கர்ப்பிணி, தடுப்பூசி, குடும்ப நலம், இதுக்கெல்லாம் மேல ஆன்லைன் பதிவு. போனைப் பார்த்து டைப் பண்ற நேரத்தில் தாயோட காலைப் பார்க்க முடியாது. வீட்டுக்குப் போற நேரத்தை அவங்ககிட்டேருந்து பிடுங்கிட்டா, அப்புறம் அவங்க இடத்தில் இன்னொரு நான்தான் இருப்பேன்.

23/
உங்க வீட்டுக்கு நர்ஸம்மா வந்தா வாசலிலேயே "எல்லாம் நல்லாருக்கு"ன்னு அனுப்பிடாதீங்க. உள்ளே கூப்பிட்டு உட்கார வைங்க. ஒரு சொம்பு தண்ணி குடுங்க. குழந்தைக்கு என்ன குடுக்கிறீங்கன்னு உள்ளதைச் சொல்லுங்க. பாட்டில் பாலா, கழுதைப் பாலா, உரமருந்தா, எதுவா இருந்தாலும் சொல்லுங்க.

என் சக மருத்துவர்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவை ஒரு தாய் "சரிங்க"ன்னு தலையாட்டினா, திட்டாத குரலில் இன்னொரு தடவை கேளுங்க: "வேலைக்குப் போறியாம்மா? போகும்போது பாப்பாவை யார் பார்த்துக்கிறா?"

24/
அந்தப் பாப்பா இப்போ பள்ளிக்கூடம் போகுது. நர்ஸம்மா ஓய்வு பெற்றுட்டாங்க. போன பொங்கலுக்கு போன் பண்ணினேன். நலம் விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள கேட்டாங்க: "இப்பல்லாம் காலைப் பாக்கிறீங்களா மேடம்?"

பார்க்கிறேன் சிஸ்டர்.

தேவைப்படுற வீட்டுக்கு இதை அனுப்பி வைங்க.